புகலிடம் வந்த இகுவானாப் பல்லி: அதைப் பேணுதலும் பழக்குதலும்

கடந்த சில பத்தாண்டுகளாக நம் நாட்டுப் பெருநகரங்களில் அயல்நாட்டுப் பிராணிகளை வீட்டில் வைத்து வளர்க்கும் வழக்கம் பரவி வந்துள்ளது. அவ்வாறு வந்து சேர்ந்தவற்றுள் பச்சை இகுவானா எனப்படும் பல்லியும் ஒன்று. விலைக்கு வாங்கும்போது அது ஒரு சாண் நீளமே உள்ள, இளந்தளிர் நிறமுடைய குஞ்சு. நன்கு வளர்ந்தால் சில ஆண்டுகளில் அதே பிராணி, வால் உட்பட, நான்கு அல்லது ஐந்து அடி நீளத்தை எட்டுகிறது. சாட்டை போன்ற வாலும், கூரிய நகங்களும், நெஞ்சுறுதியும் அதற்கு அப்போது வந்துவிடுகின்றன. வாங்கியவருக்கோ இடமும் போதவில்லை, பொறுமையும் போதவில்லை. அந்நிலையில் அது பிறரிடம் தள்ளப்படுகிறது. அல்லது தோட்டத்திலோ தெருவோரத்திலோ விடப்படுகிறது. அதைக் கண்டெடுப்பவர்கள் பெரும்பாலும் அருகிலுள்ள பள்ளி ஆசிரியரையோ, வனத்துறை அல்லது கால்நடைத் துறையின் களப் பணியாளரையோ நாடி வருகின்றனர். அவ்வாறு நாடப்படுபவர்களுக்கு உதவும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்பெறுகிறது.

எந்தப் பல்லி என்று முதலில் அறிக

பல்லியைக் கையில் எடுத்தவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இதை எவ்வாறு பழக்குவது?" என்பதன்று, "இது எந்தப் பல்லி?" என்பதே. விடையைப் பொறுத்து நம் கடமை முற்றிலும் மாறிவிடும்.

இகுவானாவுக்குச் சில தெளிவான அடையாளங்கள் உண்டு. செவிப்பறைக்குக் கீழே, கன்னத்தில், நாணயம் போன்ற ஒரு பெரிய வட்டச் செதில் இருக்கும். தாடையின் கீழ் விசிறி போல் விரியும் தோல்மடிப்புத் தொங்கும். பிடரியிலிருந்து முதுகு நெடுகச் சீப்பின் பற்களைப் போன்ற முட்கள் வரிசையாக நிற்கும். நீண்ட வாலில் கரும் பட்டைகள் காணப்படும்.

நம் வேலியோரத்து ஓணானுக்கு முதுகில் சிறு முட்கள் உண்டேனும், தொங்கும் தோல்மடிப்போ கன்னத்தின் பெரிய செதிலோ கிடையாது. உடும்புக்குப் பாம்பைப் போலப் பிளவுண்ட நாக்கு. முதுகில் முட்களே இரா. பச்சோந்திக்கு இரு கண்களும் தனித்தனியே சுழலும், விரல்கள் இரு கற்றைகளாகப் பிரிந்து கிளையைப் பற்றும், வால் சுருளும்.

இவ்வேறுபாடு ஏன் முக்கியமெனில், ஓணானும் உடும்பும் பச்சோந்தியும் நம் நாட்டுக் காட்டுயிர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ள உடும்பைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் கடுங் குற்றமாகும். அடிபட்ட உடும்போ பச்சோந்தியோ கிடைத்தால், அதை ஒரு துணிப்பையிலோ காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ இட்டு, இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, தாமதமின்றி வனத்துறையினரிடம் ஒப்படைக்கவேண்டும். சிகிச்சை முடிந்தபின் அது பிடிபட்ட இடத்திலேயே விடப்படுவது நலம். அத்தகைய பிராணியைக் கைக்குப் பழக்குவது அதற்குச் செய்யும் உதவியன்று. மனிதனைக் கண்டு ஓடும் இயல்பை இழந்த காட்டுயிர் திரும்பவும் காட்டில் பிழைப்பது அரிது.

ஆகவே கீழே கூறப்படும் பழக்கும் முறைகள் யாவும், திரும்பிச் செல்ல நம் நாட்டில் காடில்லாத அயல்நாட்டு இகுவானாவுக்கே உரியவை.

சட்டம் கூறுவது

இகுவானாவின் தாயகம் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரையுள்ள வெப்பக் காடுகள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது சேர்க்கப்பட்டுள்ளது. இந்தியா 1976-இல் அவ்வொப்பந்தத்தில் இணைந்தது. எனினும் நாட்டினுள் ஏற்கனவே வந்துவிட்ட அயல்நாட்டுப் பிராணிகளை யார் வைத்திருக்கிறார் என்று அறிய நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அவற்றை வைத்திருப்போர் தாமாகவே முன்வந்து தெரிவிக்குமாறு ஓர் அறிவுரை வெளியிட்டது. பின்னர் 2022-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தின்படி 2024 பிப்ரவரியில் வகுக்கப்பட்ட விதிகள், இத்தகைய பிராணிகளை வைத்திருப்போர் 'பரிவேஷ்' என்னும் அரசாங்க இணையதளத்தின் வழியாகப் பதிவு செய்யவேண்டும் என்று கட்டாயமாக்கின.

தெருவில் கிடைத்த இகுவானாவைத் தாமே பேண எண்ணுபவர், முதலில் வனத்துறை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவித்து, அவர்கள் காட்டும் வழியில் பதிவு முதலியவற்றை முடித்துக்கொள்ளவேண்டும். கிடைத்த இடம், நாள், நேரம், எடை, நீளம், புகைப்படம் ஆகியவற்றை அன்றே குறித்து வைத்தல் பிற்பாடு பெரிதும் பயன்படும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது. "பாவம், சுதந்திரமாக இருக்கட்டும்" என்று அதை ஏரிக்கரையிலோ தோப்பிலோ விட்டுவிடுதல் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், போர்ட்டோரிக்கோ, தைவான், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வளர்ப்பிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகிய இகுவானாக்கள், தோட்டப் பயிர்களையும் கரைகளையும் சேதப்படுத்தி வருகின்றன. நம் நாட்டின் வெப்பமும் மழையும் அதற்கு ஒவ்வாதவை அல்ல. இன்று ஒன்றை விடுபவர் நாளை ஒரு மாவட்டத்துக்கே தொல்லை விதைத்தவராகலாம்.

முதல் மூன்று நாட்கள்

கைவிடப்பட்ட இகுவானா பெரும்பாலும் நீர் வற்றி, குளிர்ந்து, பசித்திருக்கும். கண்டவுடன் இரக்கத்தால் வாயைத் திறந்து உணவு ஊட்டுவோர் பலர். அது தவறு. குளிர்ந்த உடலில் குடல் இயங்காது. உட்சென்ற உணவு செரிக்காமல் அழுகிக் கேடு செய்யும். ஆகவே வரிசை இதுவே: முதலில் வெப்பம், அடுத்து நீர், கடைசியில் உணவு.

உடல் வெப்பமடைந்தபின், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகன்ற தொட்டியில், நீர் அதன் தோள் மட்டத்துக்கு மேற்படாதவாறு, 15 அல்லது 20 நிமிடம் விடலாம். அருகிலேயே இருந்து கவனிக்கவேண்டும். பெரும்பாலும் அது அப்போது நீர் பருகும், மலமும் கழிக்கும். அந்த மலத்தைச் சிறிது எடுத்து வைத்தால் கால்நடை மருத்துவர் அதில் குடற்புழு உண்டா என்று பார்க்க உதவும்.

இதனிடையே உடலைத் தலை முதல் வால் வரை பார்வையிடுக. வாலின் அடிப்பகுதி ஒடுங்கி, இடுப்பெலும்பு துருத்தி நின்றால் அது நெடுநாட் பட்டினி. கண் குழிந்திருந்தால் நீர் வற்றிய நிலை. வயிற்றுப் புறத்தில் தீப்புண் இருந்தால், முன்பு மின்சாரத்தால் சூடேறும் கல்லின்மீது வைக்கப்பட்டிருக்கலாம். மூக்கருகே வெண்மையான உப்புப் பொடி காணப்பட்டால் அஞ்சவேண்டுவதில்லை. உடலில் மிகுந்த உப்பை மூக்குச் சுரப்பி வழியாகத் தும்மி வெளியேற்றுவது இகுவானாவின் இயல்பு.

மிக முக்கியமாகப் பார்க்கவேண்டியவை தாடையும் கால்களும். தாடை ரப்பரைப் போல வளைந்தாலும், முதுகெலும்பு கோணியிருந்தாலும், விரல்கள் துடித்து நடுங்கினாலும், தொடைகள் கெட்டியாக வீங்கியிருந்தாலும், அது எலும்பு நோய். வீங்கிய தொடையைக் கண்டு, "நன்றாகக் கொழுத்திருக்கிறது" என்று மகிழ்வோர் உண்டு. உண்மையில் சுண்ணாம்புச் சத்தை இழந்து வலுவற்றுப்போன எலும்பைச் சுற்றி உடல் நார்த் திசுவால் கட்டிய முட்டே அவ்வீக்கம். இந்நிலையிலுள்ள பிராணியைக் கையாண்டாலே எலும்பு முறியக்கூடும். பழக்குதல் முதலிய யாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். கடையில் கிடைக்கும் வைட்டமின் டி மருந்தைத் தாமே அளவின்றிப் புகட்டுவது ஆபத்து. மிகுந்தால் இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படிந்துவிடும்.

வெப்பம் என்னும் உணவு

பாலூட்டிகளும் பறவைகளும் உண்ட உணவை எரித்துத் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பல்லிக்கு அவ்வாற்றல் இல்லை. அது வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்ந்து தன் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது. செரிமானம், நோயெதிர்ப்பு, தசை இயக்கம் யாவும் அவ்வெப்பத்தைச் சார்ந்தவை. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபுளோரிடாவில் கடுங் குளிர் வீசியபோது, மரங்களிலிருந்து இகுவானாக்கள் விறைத்து விழக்கூடும் என்று அங்குள்ள வானிலை நிலையமே பொதுமக்களை எச்சரித்தது. விழுந்தவற்றுள் பல இறந்தவை அல்ல. வெயில் ஏறியதும் எழுந்து நடந்தன.

ஆகவே கூண்டில் ஒரே சீரான வெப்பம் வைத்தல் பயன் தராது. ஒரு கோடியில் வெம்மையும் மறு கோடியில் தண்மையும் இருத்தல் வேண்டும். குளிர்காயும் கிளையருகே பகலில் 35 முதல் 38 டிகிரி சென்டிகிரேடும், ஏனைய பகுதிகளில் 26 முதல் 32 டிகிரியும், இரவில் 22 டிகிரிக்குக் குறையாமலும் இருப்பது நன்று. இவற்றைக் கையால் தொட்டு ஊகித்தல் கூடாது. இரண்டு வெப்பமானிகளை இரு கோடிகளிலும் தொங்கவிட்டுப் படித்தறிதல் வேண்டும்.

தக்காணப் பீடபூமியில் ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஐதராபாத்தில் இரு பருவங்கள் இதற்குச் சோதனையாகும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழும் இறங்குவதுண்டு. அப்போது ஒளி தராத வெப்ப விளக்கு ஒன்று கூண்டுக்கு வெளியே, பிராணியின் மேல் படாத தொலைவில் பொருத்தப்பட வேண்டும். மே மாதத்திலோ 40 டிகிரியைத் தாண்டும், காற்றும் வறண்டுவிடும். இகுவானா ஈரக் காற்றில் வாழ்வது. நனைத்த கோணிச் சாக்கைக் கூண்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்தால் ஈரமும் குளிர்ச்சியும் கிடைக்கும்.

எலும்பும் வெயிலும்

இனி, இகுவானாக்களை மிகுதியாக முடமாக்கும் அந்த எலும்பு நோயின் காரணத்தைக் காண்போம். இதை அறிந்தால் குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயையும் அறிந்தவராவோம்; இரண்டின் அடிப்படையும் பெரும்பாலும் ஒன்றே.

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களுள் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ளவை தோலில் படும்போது, அங்குள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் பொருள் மாறுதலடைகிறது. உடல் வெப்பத்தால் அது மேலும் மாறி வைட்டமின் டி ஆகிறது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் இருமுறை மாற்றம் பெற்றபின், அது குடலிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இரத்தத்துக்குள் ஏற்றும் ஆற்றலைப் பெறுகிறது.

இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் இரத்தத்தில் ஓரளவு சுண்ணாம்பு எப்போதும் இருந்தே தீரவேண்டும். உணவில் அது குறைந்தாலும், பாஸ்பரஸ் மிகுந்தாலும், வெயில் கிடைக்காவிட்டாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கின்றன. இன்றைய செலவுக்கு வீட்டின் தூணைப் பெயர்த்து விற்பதற்கு இது ஒப்பாகும். இதயம் பிழைக்கிறது, தாடை வளைகிறது.

சாளரக் கண்ணாடி வழியே வரும் வெயில் போதும் என்று எண்ணுவோர் மிகப் பலர். கண்ணாடி ஒளியையும் வெப்பத்தையும் விடுகிறதேயன்றி, மேற்கூறிய கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நாளெல்லாம் வெயில் காய்ந்தும் எலும்பு நோயால் இறந்த பல்லிகள் உண்டு. மேலும் கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அது அடுப்பாகிவிடும். எனவே கம்பிவலைக் கூண்டே தக்கது. அதில் பாதியிடம் அடர்ந்த நிழலாக இருக்கவேண்டும். மழையும் மேகமும் இல்லாத நாட்களில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நேர் வெயில் கிடைக்கச் செய்தல் நன்று. அதிகாலைச் சாய்ந்த வெயிலில் இக்கதிர்கள் குறைவு. ஆதலால் குளிர்காலத்தில் 10 மணிக்கு மேலும், கோடையில் 9 மணி முதல் வெப்பம் தாங்கும் வரையும் வெளியே வைக்கலாம். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே நிழலுக்கு மாற்றுக.

வெயில் வசதியில்லாதோர் புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கைப் பயன்படுத்தலாம். ஆனால் அவ்விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புற ஊதாக் கதிர்கள் குன்றிவிடும். தயாரிப்பாளர் குறித்த காலத்தில் அதை மாற்றவேண்டும்.

தார்நாகாவின் அட்டவணையும் இகுவானாவின் தட்டும்

ஐதராபாத்தின் தார்நாகாப் பகுதியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. அதன் தொடக்கம் நம் நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவே அதன் வித்து. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்து, உணவு மாறினால் உடலே மாறுவதை அவர் காட்டினார். அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை ஆராய்ந்து அந்நிறுவனம் வெளியிட்டுள்ள அட்டவணைகள் மனிதருக்கெனத் தொகுக்கப்பட்டவை. எனினும் சந்தையில் வாங்கிய கீரையை இகுவானாவுக்கு இடும் களப் பணியாளருக்கும் அவையே சிறந்த துணை. மேல்நாட்டு நூல்கள் கூறும் கீரைகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இகுவானா முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் இலையுண்ணி. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இலையின் நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. முட்டை, இறைச்சி, நாய் உணவு முதலியன கொடுத்தால் விரைவில் வளர்வதாகத் தோன்றும். ஆனால் நாளடைவில் சிறுநீரகம் கெட்டு இறக்கும்.

உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கெனில் சுண்ணாம்பு இரண்டு பங்காவது இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. மேற்படி நிறுவனம் 1971 முதல் வெளியிட்டுவந்த பழைய அட்டவணையின்படி, 100 கிராம் பொருளில் உள்ள சுண்ணாம்பு, பாஸ்பரஸ் அளவுகள் மில்லிகிராமில் வருமாறு:

அகத்திக்கீரை: சுண்ணாம்பு 1130, பாஸ்பரஸ் 80
முருங்கைக்கீரை: சுண்ணாம்பு 440, பாஸ்பரஸ் 70
தண்டுக்கீரை: சுண்ணாம்பு 397, பாஸ்பரஸ் 83
பரங்கிக்காய்: சுண்ணாம்பு 10, பாஸ்பரஸ் 30
வெள்ளரிக்காய்: சுண்ணாம்பு 10, பாஸ்பரஸ் 25
வாழைப்பழம்: சுண்ணாம்பு 17, பாஸ்பரஸ் 36

528 உணவுகளை உள்ளடக்கி 2017-இல் வெளிவந்த புதிய அட்டவணையில் எண்கள் மாறியுள்ளன. ஆயினும் அகத்தியும் முருங்கையும் சுண்ணாம்பு மிக்கவை என்பதில் மாற்றமில்லை.

இதைக்கொண்டு மாணவர்களே ஒரு கணக்குப் போடலாம். 50 கிராம் வெள்ளரியும் 50 கிராம் வாழைப்பழமும் கலந்த தட்டில் சுண்ணாம்பு 13.5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 30.5 மில்லிகிராம். அதாவது வேண்டியதற்கு நேர் மாறான விகிதம். பிராணி விரும்பி உண்ணும், எலும்போ கரையும். மாறாக, 50 கிராம் முருங்கைக்கீரை, 30 கிராம் பரங்கிக்காய், 20 கிராம் வாழைப்பழம் கலந்தால் சுண்ணாம்பு 226.4, பாஸ்பரஸ் 51.2. விகிதம் நான்குக்கு ஒன்றுக்கு மேல். அதே நூறு கிராம்தான்; செலவும் அதிகமில்லை.

எண்ணோடு மற்றொன்றையும் நினைவிற் கொள்க. தண்டுக்கீரையிலும் பசலைக்கீரையிலும் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. ஆகவே அவற்றை எப்போதாவது சிறிதளவே இடவேண்டும். முருங்கை, அகத்தி, செம்பருத்தி இலையும் பூவும் நாள்தோறும் தட்டின் பெரும்பகுதியாக அமையலாம். அவரை, பரங்கி, புடலை முதலிய காய்களைத் துருவிச் சேர்க்கலாம். பப்பாளி, வாழை முதலிய கனிகள் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. வெங்காயம், வெண்ணெய்ப்பழம், அரளி, எருக்கு ஆகியவை விலக்கத்தக்கவை. கீரையைப் பூச்சிமருந்து நீங்க நன்கு அலசி, காலையில் உடல் சூடேறியபின் இடுதல் நலம்.

இருப்பிடம்

இகுவானா மரத்தில் வாழ்வது. உயரத்தில் இருந்தாலே அதற்கு அமைதி. வளர்ந்த பிராணிக்கு ஆறடி உயரமும், ஆறடி நீளமும், மூன்றடி அகலமும் உள்ள கூண்டு குறைந்தபட்சத் தேவை. அதன் உடற் பருமனுக்குக் குறையாத உறுதியான கிளைகளைச் சாய்வாகப் பொருத்துக. தரையில் மணலோ மரத்தூளோ வேண்டா. உணவோடு விழுங்கிக் குடல் அடைபடும். பழைய செய்தித்தாளே போதும். நாள்தோறும் மாற்றுவதும் எளிது. இரண்டு இகுவானாக்களை ஒரே கூண்டில் இடலாகாது. வலியது வெயிலையும் உணவையும் கைப்பற்ற, மெலியது ஒடுங்கிப்போகும்.

பழக்குதல்

நாயும் மாடும் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து இயல்பு மாறியவை. இகுவானா அவ்வாறன்று. அதைப் பழக்குதல் என்பது, மனிதன் தன்னைத் தின்ன வரும் பிராணியல்லன் என்று அது நாளடைவில் அறியச் செய்வதே. அடக்குவதும் வெல்வதும் இதில் இடம்பெறா.

இகுவானாவின் உச்சந்தலையில் மங்கலான ஒரு சிறு செதில் தெரியும். அது மூன்றாவது கண் எனத்தக்க உறுப்பு. உருவத்தை அது காணாது. ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும். வானிலிருந்து பாயும் பருந்தின் நிழலை அறிய இயற்கை அளித்த காவல் அது. நாம் மேலிருந்து கையை நீட்டும்போது அந்தக் கண்ணுக்கு நம் கை பருந்தே. ஆதலால் எப்போதும் பக்கவாட்டில், அதன் பார்வையில் படும்படி, கீழிருந்து மெதுவாக அணுகவேண்டும். இவ்வொரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி வெற்றி.

முதற்படியாக, இரண்டு அல்லது மூன்று வாரம் அதைத் தொடவே வேண்டா. நாள்தோறும் அதே நேரத்தில் அதே ஒருவர் உணவிட்டு, கூண்டருகே அரைமணி அமர்ந்து ஏதேனும் படித்துக்கொண்டிருந்தால் போதும். நம் முன்னிலையில் அது உணவு உண்ணத் தொடங்குவது முதல் நல்லறிகுறி.

இரண்டாம் படியாக, கையைக் கூண்டினுள் வைத்து அசையாதிருத்தல். செம்பருத்திப் பூவைக் கையில் ஏந்தலாம். அது வந்து உண்டாலும் உடனே பற்றிவிடலாகாது.

மூன்றாம் படியாக, தோளின் பக்கத்தையும் கன்னத்தையும் விரலால் மெல்லத் தடவுதல். அது விலகினால் கையை அங்கேயே நிறுத்தி, அது அமைதியுற்றபின் எடுத்தல் வேண்டும். வாலால் அடித்தவுடன் கையை இழுத்துக்கொண்டால், அடித்தால் மனிதன் போய்விடுவான் என்னும் பாடத்தை அது கற்றுக்கொள்ளும்.

நான்காம் படியாக, முன்கையை அதன் வயிற்றின் கீழ் செலுத்தி, நான்கு கால்களும் தாங்கப்பெறும்படி தூக்குதல். முதலில் ஐந்து நிமிடம். பின்னர் சிறிது சிறிதாக நீட்டலாம். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்கலாகாது. பகைக்கு அஞ்சி வாலை முறித்துக்கொண்டு ஓடுவது அதன் இயல்பு; புதிதாக முளைக்கும் வால் முந்தையதைப் போன்று அமைவதில்லை.

அதன் மொழியையும் கற்றுக்கொள்ளவேண்டும். உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கிக் காட்டுதல், தாடைத் தோலை விரித்தல், தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டுதல், வாலை ஒரு பக்கமாக வளைத்து நிறுத்துதல் ஆகியவை எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டால் அன்றைய பாடத்தை நிறுத்துக. தொடும்போது கண்களை மூடிக்கொண்டால் இன்புறுகிறது என்று பலர் எண்ணுவர். உடல் தளர்ந்திருந்தால் அது உண்மையாக இருக்கலாம். உடல் விறைத்திருந்தால், அச்சத்தை ஒழிக்க வழியின்றிக் கண்ணை மூடிக்கொண்டுள்ளது என்றே பொருள்.

இவ்வளவும் கைகூட மாதங்கள் ஆகலாம். முன்பு துன்புறுத்தப்பட்ட பிராணிக்கு ஓராண்டும் ஆகலாம். வளர்ந்த ஆண் இகுவானா இனப்பெருக்கக் காலத்தில் சில வாரங்கள் மூர்க்கமடையும். பழகிய கையையும் கடிக்கும். அக்காலத்தில் உணவும் சுத்தமும் தவிர வேறெதற்கும் அணுகாதிருத்தலே அறிவுடைமை. ஒரு சில இகுவானாக்கள் எந்நாளும் கைக்கு வாரா. அவற்றை அவ்வாறே ஏற்று, தூரத்திலிருந்து பேணுதலும் பேணுதலே.

பள்ளியிலும் வீட்டிலும் எச்சரிக்கை

நலமாகத் தோன்றும் பல்லியின் குடலிலும் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். குழந்தைகளுக்கு உயிரபாயமும் நேரலாம். தொட்டபின் சோப்பால் கை கழுவுதல் கட்டாயம். அதன் தட்டையும் தொட்டியையும் சமையலறையில் கழுவலாகாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கருவுற்ற பெண்களும், நோயெதிர்ப்பு குன்றியவர்களும் அதைத் தொடாதிருத்தல் நன்று.

பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டும் ஆசிரியர், ஒரு வகுப்புக்கு மேல் அதைக் கைமாற்றக் கூடாது. தொடாமலே கற்பிக்கப் பாடங்கள் பல உண்டு. கூண்டின் இரு கோடி வெப்பத்தையும், பல்லி எந்நேரத்தில் எங்கே இருந்தது என்பதையும் மாணவர் ஒரு வாரம் குறித்தால், அது தன் வெப்பத்தைத் தானே தேடிக்கொள்ளும் முறை வரைபடத்தில் விளங்கும். கீரை அட்டவணையைக்கொண்டு தத்தம் வீட்டு உணவின் சுண்ணாம்புக் கணக்கையும் போடச் செய்யலாம். வளைந்த தாடை பல்லிக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் தாமே உணர்வர்.

ஓணானைக் கண்டால் கல்லெறியும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் உள்ளது. இனப்பெருக்கக் காலத்தில் சிவக்கும் அதன் கழுத்தைக் கண்டு, தூரத்திலிருந்தே இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அஞ்சுவோரும் உளர். பூச்சிகளைத் தின்று தோட்டத்தைக் காக்கும் அப்பிராணி யாருடைய இரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. இகுவானாவைக் காண ஆவலோடு கூடும் மாணவரிடம் இதைக் கூற அதைவிடத் தக்க தருணம் வாய்க்காது.

ஏற்பதற்கு முன்

நன்கு பேணப்பட்ட இகுவானா 15 ஆண்டுகள், சிலபோது 20 ஆண்டுகளும் வாழும். மாற்றலாகிச் செல்லும் அரசாங்கப் பணியாளர் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவேண்டும். கூண்டுக்கு இடம், நாள்தோறும் புதிய கீரை, ஊர்வனவற்றை அறிந்த மருத்துவர், தாம் இல்லாதபோது பார்த்துக்கொள்ள ஒருவர் ஆகிய நான்கும் உண்டா என்று வினவிக்கொள்க. இல்லையெனில், உடல் தேறும்வரை மட்டும் பேணி, வனத்துறையின் வழியாகத் தக்க இடத்தில் சேர்ப்பித்தலே முறை. அவ்வாறு சேர்க்கும்போது, வந்த நாள் முதல் வாரந்தோறும் எழுதிய எடைக் குறிப்பையும், உண்ட கீரைகளின் பட்டியலையும், அது அஞ்சும் செயல்கள் எவை என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் அனுப்புக. அடுத்துப் பேணப்போகிறவர் முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டிய அவசியம் இராது.